சாம்பல் அறையில் இரண்டு லேப்டாப்கள்

உடம்பு உறுதி என்று பார்த்தால் கறுப்புதான், அதில் சந்தேகமே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினாலே தெரிந்துவிடும், கண்ணை மூடிக்கொண்டு என்ற இடத்துக்கு வந்ததும் நாச்சிமுத்துவின் எண்ணம் காலில் ஏதோ இடறியதுபோல நின்றது, நின்று, அதைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. இரண்டு லேப்டாப்களும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கறுப்பின் மூடியை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. வெள்ளி கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது, அழுத்திய இடத்தில் திரையில் ஒரு சின்ன அலை ஓடி மறைந்தது. கறுப்பை ஒற்றை விரலால் திறக்கலாம், அடிப்பாகம் மேஜையைவிட்டு எழும்பாது. வெள்ளிக்கு இன்னொரு கை வேண்டும். விசைப்பலகையின் நடுவில் ஊன்றினால் வெள்ளி குழிகிறது. சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் பைக்கில் தூக்கிக்கொண்டு அலையப்போகிற இருபத்திரண்டு பேருக்கு வாங்குவது, மூடியின் கீல் ஆறு மாதத்தில் ஆடினால் கம்பெனி முழுக்கக் கேலி பேசும். இதெல்லாம் எழுதியாகிவிட்டது. முதலாளியின் மகன், எல்லாரும் சின்னவர் என்று சொல்கிறவர், கேட்டது ஒரே ஒரு பக்கம், எது நல்லது, ஏன், அவ்வளவுதான். உடம்பு என்ற தலைப்பின் கீழ் பதினோரு வரி. திரை என்ற தலைப்பின் கீழ் ஒன்றுமில்லை. மணி இரண்டே முக்கால். நான்கு மணிக்கு டீலரின் ஆள் வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போவான், போன வாரம் இரண்டை எடுத்துக்கொண்டு போன மாதிரி, அதற்கு முந்தைய வாரம் இரண்டை எடுத்துக்கொண்டு போன மாதிரி.

இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு சுவரும் சாம்பல், மேஜை சாம்பல், அவர் சட்டைமேல் போட்டிருக்கும் கோட்டும் சாம்பல், திருப்பூரில் ஷேட் பார்க்கிற அறை எல்லாமே இப்படித்தான், நிறத்துக்குத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் வேறு நிறம் குறுக்கே பேசக்கூடாது. மூலையில் லைட் பாக்ஸ், முன்பக்கம் திறந்த பெரிய பெட்டி, அதற்குள் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று தனித்தனி ட்யூப், போன மாதம்தான் எல்லாம் புதிதாக மாற்றியது. முப்பத்தொரு வருடமாக இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று துணியைப் பார்த்து அவர் ஓகே என்றால் ஓகே, இல்லை என்றால் டன் கணக்கில் துணி திரும்பச் சாயத்தில் இறங்கும். நாச்சிமுத்து கண்ணு என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. நிறத்தை அளக்கிற மெஷின் கணக்குப் போட்டுச் சொன்னதை அவர் மறுத்து, பிறகு மெஷினைக் கழற்றிப் பார்த்தால் மெஷினில்தான் கோளாறு என்று ஆன கதை ஒன்று இருக்கிறது, அதை அவரே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டாரோ என்று இப்போது பட்டது. அந்த மெஷின் கதை இல்லையென்றால் வேலை போன சாதிக்கின் விஷயத்தில் சின்னவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்.

இரண்டு திரையிலும் அந்தச் சிவப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. வேறு நிறம் போட்டுப் பார்க்கலாம், நீலம் போடலாம், பச்சை போடலாம், ஆனால் கை அந்த நிறத்தின் நம்பரைத்தான் அடித்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பிய ஒரிஜினல் சிவப்பு. மூன்று மாதத்துக்கு முன்னால் துணி மாதிரி கூரியரில் தாமதமாகி, நேரமில்லை என்று பையர் கம்ப்யூட்டரில் அனுப்பிய நிறத்தைத் திரையில் வைத்து, சாயப்பட்டறை கொடுத்த மாதிரித் துணியைப் பக்கத்தில் பிடித்து, ஓகே என்று அவர் கையெழுத்துப் போட்ட அதே சிவப்பு. பதினெட்டாயிரம் டீ ஷர்ட். கப்பலேறிப் போய் அங்கே திறந்து பார்த்தவர்கள் ஒரே வரி எழுதினார்கள், நாங்கள் கேட்டது சிவப்பு, வந்திருப்பது செங்கல். சின்னவர் அந்த வரியை இந்த மேஜைமேல் வைத்தபோது நாச்சிமுத்து யோசிக்கவேயில்லை, வாய் தானாகச் சொன்னது. "ஸ்கிரீன் தப்பாக் காட்டிருச்சுங்க." சொன்ன பிறகு அது உண்மையாகவும் இருந்தது, அப்படித்தான் அவருக்குத் தோன்றியது, சத்தியம் கேட்டால் செய்திருப்பார். லேப்டாப்புகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற சாதிக்கைக் கூப்பிட்டார்கள். அவன் மாதம் ஒருமுறை திரையின்மேல் ஒரு சின்னக் கருவியைத் தொங்கவிட்டு நிறத்தை அளந்து சரி செய்கிறவன். "மாசா மாசம் அளக்கறேன் சார், போன வாரங்கூட அளந்தேன், இதோ ரிப்போர்ட்டு," என்று தாளை நீட்டினான். சின்னவர் தாளைப் பார்த்தார், நாச்சிமுத்துவைப் பார்த்தார். தாளுக்கு ஒரு வாரம் வயது, இவருக்கு முப்பத்தொரு வருடம். சாதிக் அந்த வாரமே வெளியே போனான்.

வலது கண் அரித்தது. கண்ணாடியைத் தூக்கி, புறங்கையால் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே வெள்ளியின் திரையைப் பார்த்தார், சிவப்பு மங்கிப்போய் மண் கலந்த மாதிரி இருந்தது. ஆகா, அகப்பட்டது என்று ஒரு சின்னச் சந்தோஷம். பேனாவை எடுத்து, வெள்ளி, சிவப்பு மங்கல், என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தால் வெள்ளியின் சிவப்பு நல்ல சிவப்பு. கறுப்பும் நல்ல சிவப்பு. சூடாகும்போது மாறுகிறதோ, சில திரைகள் சூடு ஏற ஏற நிறம் மாறும். எழுதியதை அடித்தார். மறுபடியும் பார்த்தார். கண் அரிக்கவில்லை, ஆனாலும் கை தானாக எழும்பி வலது கண்ணை மூடப் போனது, பாதி வழியில் அதை இறக்கி மேஜைமேல் வைத்தார், வைத்து, அதன்மேல் இன்னொரு கையையும் வைத்தார். கறுப்பின் திரை மினுமினுப்பில்லாதது, மேலே ட்யூப் எரிந்தாலும் முகம் தெரியாது. வெள்ளி கண்ணாடித் திரை, பளபளப்பு, அதில் ஒரு ஆள் சாம்பல் கோட்டோடு உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்திலிருந்து சாய்ந்து பார்த்தால் வெள்ளியில் நிறம் கொஞ்சம் வெளுக்கிறதா, கறுப்பில் இல்லையா, அல்லது இரண்டிலுமா, இப்படி எழுதலாம், இது எழுதக்கூடிய விஷயம். எழுதவில்லை.

அண்ணன் கிட்டுசாமி பல்பை மாற்றிக்கொண்டேயிருந்தான். எதற்கு இப்போது அண்ணன். வேண்டாம் என்றால் போகிறவனா, உயிரோடு இருக்கும்போதே சொன்ன பேச்சு கேட்டதில்லை. தாராபுரம் ரோட்டு வீட்டில் முன்னறை பல்பை மாற்றினான், மாற்றிவிட்டு இதுவும் மட்டம் என்றான். "டேய் முத்து, கடைக்காரன் டூப்ளிகேட்ட ஏமாத்திக் கட்டிட்டான்டா, நாளைக்கு வேற கொண்டா." வேறு கடையில் வாங்கினார்கள், அதுவும் டூப்ளிகேட். நாற்பது வாட் போய் அறுபது, அறுபது போய் நூறு. வெளிச்சத்தில் அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு சமைத்தாள், அவன் மட்டும் இருட்டாயிருக்கு என்றான். நின்றிருந்த டெம்போவில் பைக்கைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பின்னால் லைட் போடாமல் நிறுத்தியிருக்கான் என்று டிரைவரோடு சண்டைக்குப் போனான், பட்டப்பகலில். ஏழு பல்பு. ஏழாவதை மாட்டிய அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் கைவிட்டுச் சோறு தேடினான். அதற்குப் பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனது. ரொம்ப லேட்டாக் கொண்டாந்திருக்கீங்க, கண்ணுக்குப் பின்னால நரம்பு காஞ்சுபோச்சு, இதுக்கு மேல இருக்கறதக் காப்பாத்தத்தான் பாக்கலாம், என்றார் டாக்டர். கூட வந்தவர் யார் என்று கேட்டார். தம்பி என்றதும், நீங்களும் வருஷத்துக்கு ஒருதடவ காட்டிக்கோங்க, இது குடும்பத்துல வரும், என்றார். சரிங்க என்று சொன்னது நாச்சிமுத்துதான். ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கென்ன, நான் கண்ணை வைத்துப் பிழைக்கிறவன், எனக்குத் தெரியாதா, என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்தது இப்போதும் நினைவிருக்கிறது, அவிநாசி தாண்டும்போது.

அலமாரியில் கீழ்த்தட்டில் அந்தப் பழைய லேப்டாப் இருக்கிறது. அதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சின்னவர் கேட்டிருப்பது புதிய இரண்டைப் பற்றித்தான், ஆனால் கடைசியில் ஒரு வரி, பழைய லேப்டாப்பின் திரையில் என்ன கோளாறு என்று ஒரே ஒரு வரி, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் சாதிக்கின் ஃபைலில் சேர்த்துவிடுவார்கள். சாதிக் அனுபவச் சான்றிதழ் கேட்டு இரண்டு முறை வந்து கேட்டில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான். ஈரோட்டில் ஏதோ கம்பெனியில் வேலை கிடைக்கும்போல, சான்றிதழ் இருந்தால். கோளாறு அவனுடையது என்று ஃபைலில் ஏறிவிட்டால் சான்றிதழில் அதுவும் வரும், அல்லது சான்றிதழே வராது. திரையில் கோளாறு இல்லை என்று எழுதினால். எழுதினால் பிறகு யாரில் கோளாறு என்று கேட்பார்கள், கேட்பதற்கு இந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள். கடைசி நாளில் அவன் படிக்கட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல. எதுக்கும் ஒரு தடவ கண்ணு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருங்க சார்." நாச்சிமுத்து கோவித்துக்கொண்டார். அன்று முழுவதும் கோபத்தைக் கீழே வைக்காமல் சுமந்துகொண்டு திரிந்தார், வீட்டில் மனைவி சரோஜினியிடம்கூட எரிந்து விழுந்தார். இத்தனை கோபம் ஏன் என்று அப்போதே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எடுத்துவிட்டார். எழுந்தது நினைவில்லை, அலமாரி திறந்திருந்தது, பழைய லேப்டாப் இரண்டு புதியவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது, மூடியில் கீறல், ஒரு மூலை உடைந்து டேப் ஒட்டியிருந்தது. அடியில் சாதிக்கின் ஸ்டிக்கர், சின்னச் சின்ன எழுத்தில் அளந்த தேதிகள், மாதம் தவறாமல். திரை மெதுவாக உயிர் பெற்றது. அதே நம்பரை அடித்தார். மூன்று சிவப்பு. இடது கையால் இடது கண்ணை மூடினார். மூன்றும் ஒன்று, ஒரே பாத்திரத்தில் முக்கி எடுத்த மாதிரி. கையை எடுத்தார், மூச்சு விட்டார், வலது கையால் வலது கண்ணை மூடினார். மூன்றும் ஒன்று. மூன்றும் செங்கல். கறுப்பு, வெள்ளி, டேப் ஒட்டியது, எல்லாம் செங்கல், சுற்றிலும் ஓரங்கள் புகை மூடியது போல. அவருக்குப் பயமாக இருந்தது. சரி, இடது கண், இடது கண்தானே, வலது நன்றாக இருக்கிறதே, ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை பேர் பிழைக்கிறார்கள், வலது சொல்வதை எடுத்துக்கொண்டால் போயிற்று, என்று எண்ணம் அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நின்றது. அன்றைக்கு ஓகே என்று கையெழுத்துப் போட்டபோது வலது கண்ணும் திறந்துதான் இருந்தது. வலதும் சேர்ந்துதான் அதைச் சிவப்பு என்றது. அப்படியானால் இப்போது வலது காட்டுகிற இந்த நல்ல சிவப்பு, இது எந்தச் சிவப்பு. யாரிடம் கேட்பது. அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீளப் பெட்டி இருக்கிறது, உள்ளே நிற நிறமாகச் சின்னச் சின்ன வில்லைகள், ஷேட் பார்க்கிற எல்லாரும் வருடம் ஒருமுறை அவற்றை நிற வரிசையில் அடுக்கிக் காட்ட வேண்டும், அடுக்கச் சொல்லி மார்க் போடுகிறவர் அவர். தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்கிறவரும் அவர்தான். இந்த வருடம் பெட்டியைத் திறக்காமலே தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டார். போன வருடமும் வேலை அதிகமாகத்தான் இருந்தது.

கதவைத் தட்டிவிட்டு கோகிலவாணி உள்ளே வந்தாள், பையரின் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, ஷேட் அறைக்கு வரும்போது மறக்காமல் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொள்கிறவள். கையில் அட்டை. அட்டையில் இரண்டு துண்டுத் துணி, ஏ, பி. "சார், அந்தச் செவப்பு ரீ ஆர்டருங்க. பட்டறையில சாயப் பாத்திரம் காலியா நிக்குதாமா. ஏ-வா பி-யான்னு சொல்லிட்டீங்கன்னா இப்பவே ஏத்திருவாங்க." நாச்சிமுத்து பழைய லேப்டாப்பை மூடினார், ஏன் மூடினோம் என்று தெரியாமலே. அட்டையை வாங்கிக்கொண்டு லைட் பாக்ஸ் முன்னால் நின்றார், பகல் வெளிச்சம் போட்டார், பையரின் ஒரிஜினல் துணியை நடுவில் வைத்தார், ஏ இந்தப் பக்கம், பி அந்தப் பக்கம். காலைத் தோள் அகலத்துக்கு அகட்டி நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, முப்பத்தொரு வருடமாக நிற்கிற அதே நிலையில் நின்றார். மூன்றும் ஒன்றாக இருந்தன. கடை வெளிச்சம் போட்டார். மூன்றும் ஒன்று. துணியை இடம் மாற்றி வைத்தார், மாற்றியதில் எது எங்கே போனது என்று ஒரு கணம் தெரியாமல் அட்டையின் எழுத்தைத் தேடினார். பின்னால் அந்தப் பெண் மூச்சு விடுவது கேட்டது. "எனக்கென்னமோ ஏ கொஞ்சம் செங்கலாட்டத் தெரியுதுங்க சார்," என்றாள் மெதுவாக, "பி தானுங்களே சரியா இருக்குது?"

இப்போது சொல்லிவிடலாம். வாய் அதற்குத்தான் திறந்தது. எனக்குத் தெரியலம்மா, நீயே பாத்துச் சொல்லு, ஐந்து வார்த்தைதான், சொல்லிவிட்டால் பி பட்டறைக்குப் போகும், சாதிக்குக்குச் சான்றிதழ் போகும், நாளைக்குக் காலையில் கோயமுத்தூர் பஸ் ஏறி அதே ஆஸ்பத்திரி, அதே வாசல், இருக்கிறதையாவது காப்பாற்றலாம். அதற்குப் பிறகு இந்தக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எங்கே போய் உட்காருவது. கேட்டில் வாட்ச்மேன் பக்கத்திலா. நாச்சிமுத்து கண்ணு போயிருச்சாமா என்று டீக்கடையில் சொல்வார்கள், அய்யோ பாவம் என்பார்கள், அப்ப அந்தப் பதினெட்டாயிரம், அதுக்கு முன்னாடி ஓகே பண்ணினதெல்லாம், என்று ஒருவன் ஆரம்பிப்பான். "உனக்கு எத்தன வருஷம் சர்வீஸும்மா?" என்று தன் குரல் கேட்பது அவருக்குக் கேட்டது. பதிலுக்குக் காத்திராமல் பெட்டிக்குள் எரிகிற ட்யூபைக் காட்டினார். "இந்த ட்யூப் சரியில்ல. அதான் உனக்கு அப்படித் தெரியுது. சுத்த டூப்ளிகேட்ட மாட்டிட்டுப் போயிருக்கானுங்க." "போன மாசந்தானுங்களே சார் மாத்துனோம்," என்றாள் கோகிலவாணி. "அதத்தான் சொல்றேன்," என்றார் நாச்சிமுத்து. ஏ என்ற எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ஓகே எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். அவள் அட்டையை வாங்கி ஒரு தரம் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நீங்க சொன்னாச் சரிதானுங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஸ்கூட்டர் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு இல்லை.

உட்கார்ந்து தாளை இழுத்துக்கொண்டார். கடைசி வரியை முதலில் எழுதினார், பழைய லேப்டாப்பின் திரை பழுதானது, சிவப்பைத் தவறாகக் காட்டுகிறது. எழுத்து நன்றாக வந்தது, கோணல் இல்லாமல், சாதிக்கின் பெயர் அதில் இல்லை, அது ஒரு ஆறுதல், பெயரை ஆபீசில் போட்டுக்கொள்வார்கள். பழையதை அலமாரிக்குள் வைத்து, சாவித் துவாரத்தை விரலால் தேடிப் பூட்டினார். டீலரின் ஆள் நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டான், வாசலிலேயே நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கையைக் கண்ணுக்கு மேலே பிடித்தான். "உள்ள வெளிச்சம் செமயா இருக்குதுங்க சார், கண்ணு கூசுது. எதுங்க சார் முடிவு பண்ணியிருக்கீங்க, கறுப்பா வெள்ளியா?" நாச்சிமுத்து இரண்டு மூடிகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார். கறுப்பு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது, நல்ல கீல், நல்ல உடம்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. "ரெண்டுலயும் செவப்பு சரியா வரல," என்றார், "வேற மாடல் இருந்தா அடுத்த வாரம் கொண்டாங்க." சரிங்க சார் என்று அவன் குறித்துக்கொண்டான்.